பழமொழிச் செயல்திட்டம், ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு

பழமொழியோ மரபுத்தொடரோ, ஒன்றை எடுத்து
உங்கள் சொந்தக் கற்பனையில் ஏதாவது செய்து வாருங்கள் என்றேன்.
அட்டை, கம்பி, களிமண், எதுவானாலும் சரி,
அண்ணன் போனைப் பார்த்து மட்டும் வேண்டாம்.
சொன்னது வெள்ளிக்கிழமை.
திங்கட்கிழமை காலை வாலிநோக்கத்தில்
என் வகுப்புக்குள் நுழையும் முன்பே
ஈர வலையைக் காயப்போட்ட வாடை.

முதலில் வந்தது கல்.
கடல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த பார்க்கல்.
அதில் ஒட்டியிருந்த கட்டக்கோரையை
இழை இழையாக உரித்து
வருகைப் பதிவேட்டின் மேல் போட்டான் கருமலையான்.
‘கல்லில் நார் உரிக்கிறது, டீச்சர்.’
நடக்காத காரியம் என்றல்லவா நடத்தினேன்?
‘நடக்கும் டீச்சர். நீர் வத்துற நேரம் பாத்துப் போகணும்.
எங்கம்மாவும் சித்தியும் நாளைக்கு நாலு சாக்கு உரிப்பாக.’

அடுத்து ரொசாரியோ.
கடலில் கரைத்த பெருங்காயம்.
சின்ன டப்பா ஒன்று, நெஞ்சளவுத் தண்ணீர்,
அளவுகோல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை:
முதல் நிமிடம், வாசம் உண்டு.
நாலாம் நிமிடம், உண்டு மாதிரி.
ஆறாம் நிமிடம், இல்லை.
குறிப்பு: ஒரு நண்டு வந்து பார்த்துவிட்டுப் போனது.
முடிவு: பழமொழி சரிதான்.
கீழே கையெழுத்து, தேதி.
இத்தனை காலம் யாரும் சரிபார்க்காமல் கிடந்திருக்கிறது, பாவம்.

முதலைக் கண்ணீரை எடுத்துக்கொண்டவள்
ஒரு கடிதம் மட்டும் நீட்டினாள்.
இந்தப் பக்கம் முதலை இல்லையாம்.
ஆமைக் கண்ணீர் செல்லுமென்றால்
பங்குனி வரை அவகாசம் வேண்டுமாம்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.
களத்துமேடு பார்த்திராத பிள்ளை நாகூர்கனி.
கச்சான் வலுத்த சனிக்கிழமை சாயந்திரம்
படகுத்துறை முனையில் ஏறி நின்று
முக்கால் மணி நேரம் தூற்றியிருக்கிறான்.
டீசல் விலையை, ஐஸ் கம்பெனியை,
வலையைக் கடித்த பேத்தையை,
எடையில் அடிக்கிற ஏஜெண்டை,
கணக்கு வாத்தியாரை,
கடைசியில், ‘கொள்’ என்று இருப்பதால், தன்னையும்.
எல்லாம் பதிவில் இருந்தது.
பதினோராவது வசையில் நிறுத்தச் சொல்லிவிட்டுக்
கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
தோள் குலுங்குவது அடங்கும்வரை
தேதியை மூன்று தடவை அழித்து எழுதினேன்.

இந்துஜா கடைசி பெஞ்ச்.
ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டும்
பசையில் ஒட்டி ஒட்டி நீட்டிய தாளும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
அளத்துக்குப் போய் உப்பு வாரியவர்கள் பெயரையெல்லாம்
கேட்டு எழுதியிருக்கிறாள், அறுபத்திரண்டு பேர்:
பூமயில், வழிவிட்டாள், சேதுவம்மா, நூர்ஜகான்,
முத்திருளாயி (பெரியவ), முத்திருளாயி (கண்ணாடி போட்டவ),
பெயர் சொல்ல மாட்டேன் என்ற ஒருவருக்கு
ஒரு கோடு மட்டும்.
‘சரிம்மா, உள்ளளவும்னா?’
‘பாக்கெட்ல உப்பு உள்ளளவும், டீச்சர்.
எங்க வீட்ல ஒரு கிலோ இருவத்தாறு நாள் வரும்.
ஒரு நாளைக்கு ரெண்டு பேர், சில நாள் மூணு பேர்னு
நெனச்சா சரியா முடிஞ்சுரும்.’

உயிர் உள்ளளவும் என்று பொருள் எழுதச்
சாக்பீசை எடுத்தேன்.
எடுத்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு மணி அடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் பட்டியலில்
கற்பனைத்திறன், பத்துக்கு, என்றொரு கட்டம்.
கல்லைத் தாள் பறக்காமல் வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
நண்டுக்கு ஒன்று கூட்டிப் போட்டேன்.

இரவு ரசத்துக்கு உப்புப் போடும்போது
பூமயில் வந்தாள், வழிவிட்டாள் வந்தாள்,
மூன்றாவது பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.
மறுநாள் வராந்தாவில் மடக்கிக் கேட்டேன்.

இந்துஜா என்னைக் கொஞ்சம் கண்டிப்பாகப் பார்த்தாள்.
‘நேத்து ரெண்டு பேருதான், டீச்சர்.
நீங்க கேக்கிறது இன்னைக்கு உள்ள பேரு.’